என் கூரையில் ஓட்டை கிடையாது

ராஜபாளையத்தில் பஸ் ஏறியதும் நான் செய்த முதல் காரியம், சண்டைக்குத் தயாரானது.

மூன்று பேர் உட்காரும் சீட்டில் சன்னலோரம் ஒரு துண்டைப் போட்டேன். நடுவில் குடையை வைத்தேன். ஓரத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். துண்டு என் அக்காவுக்கு, குடை அத்தானுக்கு. அவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறுவார்கள். அதுவரைக்கும் ஒரு துண்டையும் ஒரு குடையையும் பயணிகளாக மதித்து நடத்தவேண்டிய பொறுப்பு என் தலையில்.

கூடையோடு ஏறிய ஒரு அம்மா என் முன்னால் வந்து நின்றார்.

"என்னண்ணாச்சி, இந்தத் துண்டு எங்க எறங்குது?"

"மதுரைம்மா."

"குடை?"

"அதுவும் மதுரைதான். ரெண்டும் புருசன் பொண்டாட்டி. பிரிக்கக் கூடாது."

அந்த அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே குடையின் மேல் உட்கார்ந்தார். கம்பி ஒன்று முறிந்த சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா ஏறினாள், பின்னாலேயே அத்தான். அந்த அம்மா அவள் முகத்தை ஒருதரம் பார்த்தார். எழுந்து இடத்தைக் கொடுத்துவிட்டு மதுரை வரை கம்பியைப் பிடித்து நின்றே வந்தார். என் துண்டுக்கும் குடைக்கும் கிடைக்காத மரியாதை அது. அக்காவின் முகம் அப்போது அப்படித்தான் இருந்தது.

நாங்கள் மதுரைக்குப் போனது படம் பார்க்க. சினிமா இல்லை. ஒரு பெரிய மனிதர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஓவியம். அதில் அக்காவின் ஒரே மகள் மாரீஸ்வரி இருக்கிறாள் என்று சொன்னார்கள். வேறெங்கும் அவள் இல்லை. முந்தின மழைக்காலத்தில் வந்த ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

போன வாரம் இந்தப் பத்தியில் நாய் என்னைத் துரத்திய கதையைப் படித்துச் சிரித்ததாகப் பலர் சொன்னீர்கள். இந்த வாரம் என்னால் முடிந்த அளவுக்கு முயற்சி செய்கிறேன். முடியாத இடத்தில் நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஊரார் காயம், நம்ம சோறு

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் பேண்டேஜ் துணி நெய்கிறவன். ராஜபாளையத்தில் எனக்கு ஒரு தறி ஷெட்டு. உலகத்தில் எவனாவது கீழே விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டால்தான் என் வீட்டில் உலை கொதிக்கும். எங்கள் தொழில்காரர்கள் சாமி கும்பிடும்போது என்ன வேண்டிக்கொள்வது என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் குழப்பம்தான். எல்லாரும் நல்லா இருக்கணும் என்று வேண்டினால் ஷெட்டை இழுத்து மூட வேண்டியது.

மாரீஸ்வரி அந்த ஷெட்டில் என்னோடு வேலை பார்த்தாள். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து, வெட்டிய துணியைச் சுருட்டிக் கட்டுவாள். பி.காம். படித்தவள். "ஏட்டி, நீ ஆபீசுக்குப் போகவேண்டிய ஆளு. இங்க வந்து எதுக்குத் துணி சுருட்டுத?" என்று ஒருதரம் கேட்டேன்.

"இங்கதான் மாமா எல்லாமே வெள்ளையா இருக்கு" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவள் உடம்பில் வெள்ளை விழ ஆரம்பித்துவிட்டது. முதலில் விரல் நுனியில். பிறகு கை முழுக்கத் திட்டுத் திட்டாக. பிறகு கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும். ஒட்டாது, வலிக்காது, ஒன்றும் செய்யாது என்று வைத்தியர்கள் சொன்னார்கள். எல்லாம் செய்தது ஊர்தான். பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாகவே வரும். "எனக்கு மட்டும் துண்டு போடாமலே சீட்டு கெடைக்கும் மாமா" என்பாள். கேலி பேசுவதில் என் பரம்பரை அவள். ஆனால் நான் என்னைக் கேலி செய்தால் ஊர் சிரிக்கும். அவள் தன்னைக் கேலி செய்தால் எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள்.

டச்சப்

கல்யாணப் பேச்சு வந்தது. தரகர் ஒரு போட்டோ கேட்டார். அத்தான் அவளை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனார்.

அத்தான் சண்முகையா, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வளைவில் ஆரன் அடிக்காமல் பேசக்கூட மாட்டார். முதலில் ஒரு செருமல், அப்புறம்தான் வார்த்தை. கெட்டவர் இல்லை. மகளுக்கு நல்லது நடக்கவேண்டும் என்று நினைத்தார். ஸ்டுடியோக்காரன் கம்ப்யூட்டரில் நாலு தட்டுத் தட்டினான். வெள்ளைத் திட்டு எல்லாம் போய்விட்டது. கன்னத்தில் ஒரு மினுமினுப்பு, உதட்டில் ஒரு சிவப்பு. ஸ்டுடியோ பாஷையில் அதற்குப் பெயர் டச்சப்.

அந்தப் போட்டோவைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள். போட்டோவைப் பார்ப்பார்கள், அவளைப் பார்ப்பார்கள், திரும்பப் போட்டோவைப் பார்ப்பார்கள். காப்பி ஆறும். எழுந்து போவார்கள். சில வீட்டார் இப்படி வந்துபோன பிறகு மாரீஸ்வரி ஒரு முடிவெடுத்தாள். இனிமேல் தன்னை யாரும் போட்டோ எடுக்கக் கூடாது. வீட்டில் இருந்த கைப்பேசிகள் எல்லாவற்றிலும் தன் முகத்தைத் தேடித்தேடி அழித்தாள். என் மகன் கல்யாண ஆல்பத்தில் அவள் இருக்கிறாள். ஒரு தூண், தூணுக்குப் பின்னால் ஒரு சேலை முந்தி.

ஆக, அவள் போனபோது மிச்சம் இருந்தவை இரண்டு. ஒன்று ஆதார் அட்டை. என்னுடையதில் என் முகத்தைப் பார்த்தால் என்னையே நான் போலீசில் பிடித்துக் கொடுப்பேன். அவள் படத்தைப் பெரிதாக்கினால் கரிக்கட்டையாய் வந்தது. இன்னொன்று அந்த டச்சப் போட்டோ.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அதைத்தான் சட்டம் போட்டு, மாலை போட்டு வைத்தோம். அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். பார்த்தாள். நேராகப் போய்ப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

"இவ யாருன்னு எனக்குத் தெரியாது. தெரியாதவளுக்கு நான் எதுக்கு அழணும்?"

அத்தான் செருமினார். வார்த்தை வரவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமாகாமல் போய்விட்ட பெண்ணை வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவோம். கன்னி கும்பிடுவது என்று சொல்வார்கள். வருசத்துக்கு ஒருநாள் புதுச்சேலை எடுத்து வைத்து, படத்துக்குச் சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்து, அவளுக்குப் பிடித்ததைப் படைப்பது. தலைமுறை தலைமுறையாக நடக்கும். அக்காவுக்குப் பின்னால் என் பேத்திகள் கும்பிடுவார்கள். யாரைக் கும்பிடப்போகிறார்கள்? ஸ்டுடியோக்காரன் பெற்ற பிள்ளையையா? அக்காவுக்கு இருந்த ஒரே கவலை அது. வருசம் திரும்புவதற்குள் மகள் முகம் ஒன்று வேண்டும்.

அப்படியே

எனக்குத்தான் ஒரு ஓவியர் நினைவு வந்தது.

மாரீஸ்வரி இருக்கும்போது, வெளியூரிலிருந்து ஒருத்தர் என் ஷெட்டைப் பார்க்க வந்தார். தறி, வெள்ளைத் துணி, பறக்கிற பஞ்சுத் தூசி எல்லாம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. நான் என் சைடு முகம் நல்லா இருக்கும் என்று நினைத்துக்கொண்டு சைடாகவே நடந்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய் மாரீஸ்வரி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

"உன்னை வரையலாமாம்மா?"

தூணுக்குப் பின்னால் ஓடுவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. அவரைச் செத்த நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"என் மூஞ்சிய அப்படியே போடுவீங்களா?"

"அப்படியே" என்றார் அவர்.

அன்றைக்குப் பொழுதுசாய அவள் அசையாமல் இருந்தாள். அவர் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு போனார். படத்தை ஊரில் போய் வண்ணத்தில் எழுதுவதாகச் சொன்னார். சாயங்காலம் மாரீஸ்வரியைப் பஸ் ஏற்றிவிடப் போனபோது அவள் பேசிக்கொண்டே வந்தாள். வீட்டுக்குப் போய் அக்காவிடமும் சொல்லியிருக்கிறாள். "யம்மா, ஒருத்தர் என்னைய அப்படியே வரையுதாரு."

அவரைத் தேடிப்பிடித்துப் போன் செய்தேன். விசயத்தைச் சொன்னேன். படத்தை மதுரையில் ஒரு தொழிலதிபர் வாங்கிவிட்டதாகவும், அவர் வீட்டு மாடியில் நிறையப் படங்கள் இருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை யாரும் போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னார். "போன்ல அனுப்பட்டுமா?" என்று கேட்டார்.

பக்கத்தில் இருந்த அக்கா என் கையைப் பிடித்தாள். "வேண்டாம்னு சொல்லுலே. போன்ல வந்தா அது எவன் கைபட்டு வருமோ. நான் நேர்ல பாத்துக்கிடுதேன்."

அதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ். அத்தான் பயணியாக உட்கார்ந்தாலும் எதிரே லாரி வந்தால் வலது காலால் தரையை மிதிப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ தரம் என் செருப்பு மிதிபட்டிருக்கிறது. அன்றைக்குக் கிருஷ்ணன்கோவில் தாண்டி ஒரு லாரி உரசுகிற மாதிரி வந்தது. எனக்கே கால் தரையில் அழுந்தியது. அவர் கால் சும்மா கிடந்தது. மடியில் பால்கோவா டப்பாவை வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக் கூடாதே.

மாடி வீடு

வாசலில் யாரும் சொல்லாமலே அக்கா செருப்பைக் கழற்றினாள். நாங்களும் கழற்றினோம். மற்றவர்கள் எல்லாம் செருப்போடு உள்ளே போனார்கள். பளிங்குத் தரை கோயில் கல் மாதிரி குளிர்ந்தது.

சுற்றிக் காட்ட ஒரு இளம்பெண் இருந்தாள். கழுத்தில் அட்டை, காதில் பெரிய வளையம், நல்ல சிரிப்பு. "வாங்க சார், வாங்கம்மா. படங்களைத் தொடக் கூடாது. போட்டோ எடுக்கக் கூடாது. மத்தபடி ஃப்ரீயா பாருங்க."

எனக்கு ஓவியம் பற்றித் தெரிந்ததெல்லாம் காலண்டர்தான். அதிலும் தேதி கிழிக்கிற பக்கம்தான் கவனிப்பேன். ஒரு படம் முழுக்க வெள்ளையாக இருந்தது. துணியை ஒட்டி அதன்மேல் வெள்ளை பூசியிருந்தார்கள். என்னையறியாமல் கை போய் ஓரத்தை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தது. எத்தனை வருசத்துப் பழக்கம், துணியைக் கண்டால் இழை நெருக்கம் பார்க்காமல் விரல் நிற்காது.

"சார், தொடாதீங்க!"

"இல்லம்மா, எங்க சரக்கான்னு பாத்தேன்."

அத்தான் பல்லைக் கடித்தார். "மாப்ள, வந்த எடத்துல மானத்த வாங்காத."

அக்கா எந்தப் படத்தையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு அறையிலும் நுழைந்து, சுவரை ஒரு சுற்று பார்த்து, வெளியே வந்தாள். கூட்டத்தில் பிள்ளையைத் தேடுகிறவள் மாதிரி.

கடைசி அறையில் நின்றுவிட்டாள்.

வெயில்

பெரிய படம். சுவரில் பாதி. என் ஷெட்டு. என் தறி. வெள்ளைத் துணி மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. நடுவில் மாரீஸ்வரி உட்கார்ந்து துணி சுருட்டுகிறாள்.

அவள் உட்காரும் மாதிரி. ஒரு முழங்காலைத் தூக்கிவைத்து, தலையை லேசாகச் சாய்த்து. பிறகு முகத்தைப் பார்த்தேன்.

மாநிறம். ஒரே சீராக, நெற்றியிலிருந்து கழுத்து வரைக்கும், எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளவென்று. கண்ணைச் சுற்றி ஒன்றும் இல்லை. வாயோரத்தில் ஒன்றும் இல்லை. அழகான பெண்தான். யாரோ ஒரு அழகான பெண்.

அக்கா திரும்பாமலே கேட்டாள். "ஏலே தம்பி, இதுவும் டச்சப்புதான?"

என் வாழ்க்கையில் எந்த இடத்திலும் எனக்கு ஒரு பதில் ரெடியாக இருக்கும். சாவு வீட்டில்கூட இருக்கும். அதற்காக அடி வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு இல்லை.

அத்தான் பதில் சொன்னார். செருமாமல் சொன்னார். "நான் ஸ்டுடியோவுல செஞ்சத இவரு செவுத்துல செஞ்சுட்டாரு."

காதில் வளையம் போட்ட அந்தப் பெண் எங்கள் பின்னால் வந்து நின்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது. நாங்கள் படத்தில் மயங்கி நிற்கிறோம் என்று நினைத்திருப்பாள்.

"இந்தப் படம் எல்லாருக்கும் பிடிக்கும்மா. முக்கியமா அந்தக் கையைப் பாருங்க. மேல தகரக் கூரையில ஓட்டை இருக்கும் போல. அது வழியா வெயில் விழுந்து கையில திட்டுத் திட்டாத் தெரியுது பாத்தீங்களா? வெளிச்சத்த எவ்வளவு அழகாப் பிடிச்சிருக்காருன்னு எல்லாரும் சொல்லுவாங்க."

நான் மேலே பார்த்தேன். படத்தில் இருந்த கூரையைப் பார்த்தேன். என் ஷெட்டைப் பற்றி எவ்வளவு கேவலமாக வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வேன். தறி பழசு, சுவர் பெயர்ந்தது, முதலாளி அதைவிடப் பழசு. ஆனால் கூரையில் ஓட்டை கிடையாது. நனைந்த பேண்டேஜை எவனும் வாங்கமாட்டான். கூரையில் மட்டும் நான் கஞ்சத்தனம் செய்ததில்லை. அந்த ஷெட்டுக்குள் வெயில் ஒரு பொட்டுக்கூட விழாது.

அக்கா மெல்ல முன்னால் போனாள். கயிறு கட்டியிருந்த இடம்வரை போனாள். குனிந்து அந்தக் கைகளைப் பார்த்தாள்.

வலது கட்டைவிரல் நுனி வெள்ளை. அதிலிருந்து மணிக்கட்டுக்கு ஓடுகிற திட்டு, அதன் ஓரத்தில் உப்பு சிந்தின மாதிரி புள்ளிகள். இடது கையில் இரண்டு விரல் முழுக்க வெள்ளை, மூன்றாவதில் பாதி. ஒன்றுகூட விடவில்லை. முகத்தில் கைவைத்த மனிதர் கையில் கைவைக்கவில்லை. அவர் மறந்தாரோ, வேண்டுமென்றே விட்டாரோ, எனக்குத் தெரியாது. போன் செய்து கேட்கவும் இல்லை.

"அது வெயில் இல்ல தாயி" என்றாள் அக்கா. "எம்புள்ள கை."

அந்தப் பெண்ணின் சிரிப்பு போய்விட்டது. படத்தைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். அக்காவின் சாய்ந்த தலையைப் பார்த்திருப்பாள். மாரீஸ்வரி தலையைச் சாய்ப்பது அம்மா மாதிரி.

"அவங்க… இப்ப எங்கம்மா இருக்காங்க?"

அக்கா அந்தக் கைகளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அந்தப் பெண் கழுத்து அட்டையைச் சரிசெய்துகொண்டு, "நான் கீழ போயித் தண்ணி எடுத்துட்டு வர்றேன்மா. வர லேட்டாகும்" என்றாள். போகும்போது அறைக்கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

நான் கைப்பேசியை எடுத்தேன். முதல் படத்தில் என் மூக்குத் துவாரம் வந்தது. கேமரா என் பக்கம் திரும்பியிருந்திருக்கிறது. இரண்டாவதில் என் கட்டைவிரல். மூன்றாவது எடுக்கும்போது கை நடுங்கியதில் ஷெட்டில் பூகம்பம்.

"குடு மாப்ள" என்று அத்தான் வாங்கினார். ஸ்டியரிங் பிடித்த கை, ஆடவில்லை. அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"மூஞ்சி வரணுமா?"

"வேண்டாம். கை மட்டும் போதும்."

அத்தான் குனிந்து எடுத்தார். திரும்பத் திரும்ப எடுத்தார். பிறகு சுவரோரம் போய் நின்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மகளை அவர் தன் கையால் எடுத்த முதல் போட்டோ அதுதான்.

பால்கோவா டப்பாவை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அதுவரை சுமந்துகொண்டிருந்தோம். படியிறங்கும்போது அக்கா அதை அந்தப் பெண்ணின் கையில் வைத்தாள். "இனிமே வாரவுகள்ட்ட வெயில்னு சொல்லாத தாயி." அவள் தலையாட்டினாள். சொல்லமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

திரும்பும் பஸ்ஸில் கல்லுப்பட்டி பக்கம் ஒரு மாடு குறுக்கே வந்தது. அத்தானின் வலது கால் என் செருப்பை நசுக்கியது. வலித்தது. நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

பொட்டு

ராஜபாளையத்தில் படத்தைப் பிரிண்டு போட்டுச் சட்டம் போடக் கொடுத்தேன். கடைக்காரன் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "மூஞ்சி எங்கண்ணாச்சி?" என்றான்.

"மூஞ்சி லீவுல இருக்கு. நீ போடு."

"சரி. கையில என்னமோ கறை மாதிரி அங்கங்க இருக்கு. எடுத்துரட்டுமா? சும்மாதான், காசு வேண்டாம்."

"அதுல ஒண்ண எடுத்தாலும் உன் கைய எடுத்துருவேன்" என்றேன். அவன் சிரித்தான். நான் ஜோக் அடிப்பவன் என்று ஊருக்கே தெரியும். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான்.

வருசம் திரும்பியது. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் கன்னி கும்பிட்டோம். புதுச்சேலை, பூ, அவளுக்குப் பிடித்த காரச்சேவு. சுவரில் படம். இரண்டு கைகள், பாதி சுருட்டிய பேண்டேஜ். வந்த சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கிழவர் என் காதில், "ஏப்பா, இது எந்த ஊரு வழக்கம்?" என்றார்.

அத்தான் சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். மோதிர விரலில் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு படத்துக்கு முன்னால் போனார். பொட்டு நெற்றியில் வைப்பது. விரல் தானாக மேலே போனது. மேலே சட்டத்தின் மரம்தான் இருந்தது. விரலைக் கீழே இறக்கினார். கண்ணாடிக்கு முன்னால் அது அங்கும் இங்கும் அலைந்தது.

செருமினார். "இதுல எங்க வைக்கது?"

அக்கா சாம்பிராணித் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்து, விரலைக் கொண்டுபோய், அந்த வலது கட்டைவிரலின் வெள்ளை நுனிமேல் நிறுத்தினாள்.

"வெயில் விழுத எடத்துல வைங்க" என்றாள்.